கண்ணில் உமி; ஏட்டில் வெறும் எண்

கம்பம் பள்ளத்தாக்கில் உழைக்கும் மக்களுக்குக் கண்ணில் ஒன்று விழுவது புதுமையன்று. முல்லைப் பெரியாற்று நீர் பாயும் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் நெல் அறுத்துத் தூற்றும்பொழுது உமியும் சுணையும் பறக்கின்றன. இப்பொழுது அறுவடைப் பொறி வந்துவிட்டது. அப்பொறி கக்குகின்ற கூளம் அருகில் நிற்பவர் முகத்திலேயே விழுகின்றது. திராட்சை என்று வடசொல்லால் வழங்கும் கொடிமுந்திரித் தோட்டங்களில் பந்தல் தலைக்குமேல் படர்ந்து கிடக்கின்றது. கிளை கழிப்பவர், தோட்டத்து வழக்கில் கவாத்து வெட்டுபவர், அண்ணாந்து பார்த்தே வெட்டவேண்டும். வெட்டுண்ட சிம்பும் காய்ந்த பட்டைத் துணுக்கும் நேரே விழியில் இறங்கும். தென்மேற்குப் பருவத்தில் மலையிடுக்கு வழியாக இறங்கும் காற்று சாலைமண்ணை வாரி வீசும். கம்ப மெட்டும் குமுளியும் கடந்து ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் ஊர்திகளில் அடைபட்டுச் செல்லும் பெண்களுக்கு இலைநுனியும் குச்சியும் கண்ணில் படுகின்றன. கல்லுடைப்பவர்க்கும் கொல்லுப் பட்டறையாளர்க்கும் பற்றவைப்போர்க்கும் இடர் வேறுவகையானது. அது பின்னே வரும்.

இவர்களுள் ஒருவர் மருத்துவமனைக்குச் சென்றால் அங்கு நிகழ்வது என்ன? அவர் தமிழில் சொல்லுகின்றார். கேட்கின்ற மருத்துவரும் தமிழரே. ஆயினும் சீட்டில் எழுதப்படுவன இரண்டு ஆங்கில எழுத்துகள்: ‘எஃப்.பி.’ அயற்பொருள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. பின்னர் அச்சீட்டு கணக்கரிடம் செல்லும். காப்பீட்டுக் கோரிக்கையாயின் அவர் பன்னாட்டு நோய் வகைப்பாட்டைப் பார்த்து ‘டி 15’ என்று குறித்துக்கொள்வார். உமியும் போயிற்று, சிம்பும் போயிற்று, அண்ணாந்து வெட்டியதும் போயிற்று. எஞ்சியது ஓர் எழுத்தும் ஓர் எண்ணும்.

கம்பம் பன்னீர்க் கொடிமுந்திரிக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பழத்திற்குக் குறியீடு ஊர்ப்பெயரோடு வந்தது. அப்பழத்தை விளைவிப்பவர் கண்ணுக்கு வாய்த்த குறியீட்டிலோ ஊருமில்லை, பேருமில்லை.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுதல் வேண்டும். எண்ணின்மேல் சினங்கொள்வது அறிவுடைமையாகாது. தமிழ்ப்பற்றின் மிகுதியால் சிலர், ஆங்கில எழுத்தை நீக்கி ‘அ 15’, ‘ஆ 15’ எனத் தமிழ்நாட்டிற்கெனத் தனிக் குறியீடு வகுக்கவேண்டும் என்பர். அது வேண்டாத வேலை. ஏலத்தோட்டத்தில் கண்ணில் குச்சி குத்திய கம்பத்துப் பெண்ணை முதலில் இடுக்கி மாவட்டத்து மருத்துவமனை ஒன்றிலேயே சேர்ப்பர். அங்கே எழுதுவோர் மலையாளத்தார். அவள் மறுநாள் மலையிறங்கித் தேனிக்கு வந்தால், இரண்டு மருத்துவமனைகளுக்கும் பொதுவாகப் பேசத்தக்கது அந்த எண் ஒன்றுதான். எண் எந்த மொழிக்கும் அடிமையன்று. ஆகலின் எந்த மொழியும் அதனைத் தனக்குரியதாக்கிக் கொள்ளலாம். குறை எண்ணில் இல்லை. எண்ணுக்குச் செல்லும் வாயில் ஒன்றே ஒன்றாக இருப்பதும், அவ்வாயிலில் ஆங்கிலம் காவல் நிற்பதுமே குறை.

இவ்வகைப்பாடு எங்குப் பிறந்தது என்பதை அறிந்தால் அதன் இயல்பும் விளங்கும். பாரிசு நகரத்துப் புள்ளியியல் தலைவராயிருந்த சாக்கு பெர்த்தியோன் என்பார் 1893ஆம் ஆண்டில் சிகாகோவில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் கழகத்தின்முன் ஒரு பட்டியலை வைத்தார். அது சாவுக்கான கரணியங்களின் பட்டியல். 1900இல் அது முதன்முறையாகத் திருத்தப்பட்டது. பின் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்தம் நடந்துவந்தது. 1948இல் உலக நலவாழ்வு அமைப்பு அதனைத் தன்பொறுப்பில் ஏற்று ஆறாம் திருத்தத்தை வெளியிட்டபொழுதுதான் சாவுக் கரணியங்களோடு நோய்களும் காயங்களும் முறையாக அதில் இடம்பெற்றன. உமி எவரையும் கொல்வதில்லை. கண்ணை மட்டுமே கொல்கின்றது. ஆகவே சாவைமட்டும் எண்ணிய பட்டியலில் அதற்கு இடமிருக்க வழியில்லை. ஒன்பதாம் திருத்தத்தில் அது 930 என்னும் எண்ணைப் பெற்றது. 1990இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தத்தில் ‘டி 15’ ஆயிற்று. பதினொன்றாம் திருத்தத்தை உலக நலவாழ்வுப் பேரவை 2019 மே திங்களில் ஏற்றது. 2022 சனவரி முதல்நாள் அது நடைமுறைக்கு வந்தது.

பத்தாம் திருத்தத்தின் அமைப்பைப் பாருங்கள். ‘டி 15.0’ என்றால் அயற்பொருள் கருவிழியின் முகப்பிலுள்ள ஒளிபுகு படலத்தில் தங்கியது. ‘டி 15.1’ என்றால் இமைக்கும் விழிக்கும் இடைப்பட்ட பையில் தங்கியது. ‘டி 15.8’ என்றால் புறக்கண்ணின் வேறிடங்களில் அல்லது பலவிடங்களில். ‘டி 15.9’ என்றால் இடம் குறிக்கப்படவில்லை. இந்த நான்கும் எங்கே என்று கேட்கின்றன. எது என்று கேட்கவில்லை. அமெரிக்கர் தமக்கென விரித்துக்கொண்டு 2015 அக்தோபர் முதல்நாள் முதல் கையாளும் பதிப்பில் வலக்கண்ணுக்கு ஓர் எண்ணும் இடக்கண்ணுக்கு ஓர் எண்ணும் உண்டு. முதல்முறை வந்தவரா, தொடர்ந்து வருபவரா என்று குறிக்க ஏழாமிடத்தில் ஓர் எழுத்தும் உண்டு. காப்பீட்டுப் பணத்தை யார் தருவது என்ற வழக்கு முதன்மையாக உள்ள நாட்டில் இத்தகைய நுணுக்கம் வளர்வது இயல்பே.

பொருளின் தன்மையை அவ்வகைப்பாடு முழுவதுமாகப் புறக்கணித்துவிட்டது என்று சொல்லவும் முடியாது. விழிக்குள்ளே துளைத்துச் சென்று நெடுநாள் தங்கிவிட்ட பொருளுக்கு ‘எச் 44.6’, ‘எச் 44.7’ என்று இரண்டு எண்கள் உள்ளன. முன்னது காந்தத்தால் ஈர்க்கப்படும் பொருள். பின்னது ஈர்க்கப்படாத பொருள். ஏன் இந்தப் பிரிப்பு? இரும்புத் தொழிற்சாலைகள் மலிந்த மேலைநாடுகளில் கடைசல் பொறியிலிருந்தும் சுத்தியலிலிருந்தும் தெறித்த துணுக்குகள் கண்ணுக்குள் புகுந்தன. அவற்றை மின்காந்தத்தைக் கொண்டு வெளியே இழுக்கக் கண்மருத்துவர்கள் கற்றனர். இரும்பா, இரும்பல்லாததா என்பது அவர்களுக்கு வேண்டிய கேள்வி. ஆகவே வகைப்பாட்டில் ஏறியது. உமியா, மண்ணா என்பது எவருக்கு வேண்டிய கேள்வி? கம்பத்து உழவருக்கு வேண்டிய கேள்வி. பட்டியல் வகுத்த அவையில் அவர் இல்லை. அவருக்காகப் பேச ஒருவரும் இல்லை. ஆகவே ‘டி 15.0’க்குள் இரும்புத்துகளும் நெல்லுமியும் ஒன்றாய்க் கிடக்கின்றன.

இவ்வேறுபாடு வெறுஞ்சொல்லாய்வு என்று எவரேனும் நகைத்தால், அவர் மதுரையில் நடந்த ஆய்வுகளைப் பார்க்கவேண்டும். மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976ஆம் ஆண்டில் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994 சனவரி முதல் மார்ச்சு முடிய மூன்றே திங்களில் கருவிழிப் புண்ணோடு வந்தவர் 434 பேர். அவர்களுள் 284 பேருக்கு, அஃதாவது நூற்றுக்கு 65 பேருக்குமேல், முன்னர்க் கருவிழியில் அடிபட்டிருந்தது. அவ்வடிகளுள் பெரும்பாலானவை வேளாண் வேலையில் பட்டவை. 297 பேருடைய புண்ணிலிருந்து எடுத்ததில் நோயுயிர்கள் வளர்ந்தன. அவற்றுள் பாக்டீரியா 140 பேருக்கு. பூஞ்சை 139 பேருக்கு. மேலைநாட்டுக் குளிர்நிலங்களில் கருவிழிப் பூஞ்சை அரிதான நோய். இங்கு அது பாக்டீரியாவோடு சரிபாதி நிற்கின்றது. உமியும் சுணையும் முள்ளும் இலைநுனியும் பூஞ்சை வித்துகளைத் தம்மோடு சுமந்துவந்து கீறலில் விதைத்துவிட்டுச் செல்வதே கரணியம். சூடேறித் தெறிக்கும் இரும்புத்துகள் அவ்வாறு விதைப்பது மிகக் குறைவு. அதன் கேடு வேறு.

இன்னோர் ஆய்வு 1993ஆம் ஆண்டைப் பற்றியது. மதுரை மாவட்டத்தில் நூறாயிரம் பேருக்கு ஆண்டொன்றில் 113 பேர் கருவிழிப் புண்ணுக்கு ஆளாகின்றனர் என்று அவ்வாய்வு கணக்கிட்டது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் ஒரு கோட்டத்தில் அதே கணக்கு 11. பத்து மடங்கு! தேனி மாவட்டம் 1996இல்தான் பிரிந்தது. எனவே 1993இன் மதுரை மாவட்டம் என்பதில் கம்பமும் கூடலூரும் உத்தமபாளையமும் சின்னமனூரும் அடங்கும். அந்த 113இல் இப்பள்ளத்தாக்கின் கண்களும் உண்டு.

இப்பொழுது எண்ணிப் பாருங்கள். கழனியில் உமி விழுந்தவர் முதல்நாள் வந்தால் ‘டி 15.0’. வாராமல் பத்துநாள் கழித்துப் புண்ணோடு வந்தால் ‘எச் 16.0’, கருவிழிப் புண் என்பது அதன் பொருள். இந்த இரண்டாம் எண்ணில் உமியின் சுவடே கிடையாது. கணக்கர் அக்கறையோடு இரண்டாவது குறியீடாகப் புறக்கரணியத்தைச் சேர்த்தால் உண்டு, சேர்க்காவிடில் இல்லை. சேர்த்தாலும் அங்குள்ள ‘டபுள்யூ 44’ என்னும் எண், கண்ணிலோ உடலின் பிற துளைகளிலோ அயற்பொருள் புகுந்தது என்ற அளவே கூறும். குழந்தை மூக்கில் திணித்துக்கொண்ட புளியங்கொட்டையும் அதுவே. உழவர் கண்ணில் விழுந்த உமியும் அதுவே! மாவட்டக் கணக்கைக் கூட்டுகின்ற அலுவலர் ஆண்டிறுதியில் இத்தனை கருவிழிப் புண் என்று காண்பாரேயன்றி, இத்தனை உமி, இத்தனை சிம்பு என்று காணார். காணாத ஒன்றைத் தடுக்க எந்த அரசும் பணம் ஒதுக்காது. தூற்றுவோர்க்கும் கவாத்து வெட்டுவோர்க்கும் விலை குறைந்த காப்புக் கண்ணாடி வழங்கவேண்டும் என்று எவரும் கேட்கமுடியாமற் போவது இதனால்தான்.

ஆனால், ஏட்டில் ஏறாத அச்செய்தி நோயாளியின் வாயில் முழுமையாக இருந்தது. இதுவே தமிழர் ஊன்றி எண்ணவேண்டிய இடம். கண்ணில் பட்டதைச் சொல்லும்பொழுது ஊர்மக்கள் ஆளும் வினைச்சொற்களைக் கவனியுங்கள். தூசு ‘விழுந்தது’ என்பர். உளிபட்ட கல் ‘தெறித்தது’ என்பர். முள் ‘குத்தியது’ என்பர். இலை ‘கீறியது’ என்பர். கிளை மீண்டுவந்து ‘அடித்தது’ என்பர். மணல் ‘உறுத்துகின்றது’ என்பர். இவை ஒரு பொருட் பலசொற்கள் அல்ல. வகைப்பாட்டு நூலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் ஒவ்வொரு வினையும் ஒவ்வோர் எண்ணுக்கு நேரே சென்று நிற்கும்.

‘விழுந்தது’ என்றால் பொருள் மேற்பரப்பில் இருக்கின்றது; ‘டி 15’. ‘கீறியது’ என்றால் பொருள் தங்கவில்லை, உராய்வு மட்டுமே. அது ‘எசு 05.0’. ‘அடித்தது’ என்றால் ஊமைக்காயம், ‘எசு 05.1’. ‘தெறித்தது’ என்ற சொல்லைக் கேட்டவுடன் மருத்துவர் விழிப்படையவேண்டும். விரைந்து வந்த சிறு இரும்புத்துணுக்கு விழிச்சுவரைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே சிறு புள்ளியன்றி வேறொன்றும் தெரியாது. வலியும் குறைவாகவே இருக்கும். அது ‘எசு 05.5’. படமெடுத்துப் பார்க்காமல் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினால், உள்ளே தங்கிய இரும்பு கரைந்து கறையாகப் பரவி, திங்கள் சில கடந்தபின் பார்வையை அழிக்கும். பின்னாளில் அவரைக் காந்தப் படப்பிடிப்புக் கருவிக்குள் கிடத்தினால் அத்துணுக்கு அசைந்து மேலும் கேடு செய்யும். ‘விழுந்தது’ என்பதற்கும் ‘தெறித்தது’ என்பதற்கும் இடையே ஒரு கண்ணின் வாழ்வு இருக்கின்றது. இரண்டையும் ‘எஃப்.பி.’ என்று எழுதிவிட்டால் வேறுபாடு எங்கே போயிற்று?

ஒன்றில் மட்டும் தமிழ்வழக்கு ஏமாற்றும். சுண்ணாம்பும் கண்ணில் ‘விழுந்தது’ என்றே சொல்லப்படுகின்றது. அஃது அயற்பொருள் அன்று, வேதல். ‘டி 26’ என்னும் வேறு எண்ணுக்குரியது. கொடிமுந்திரிக்கு அடிக்கும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்தோக் கலவை கண்ணில் தெறித்தாலும் இதே எண்தான். உமிக்கு ஒருநாள் பொறுக்கலாம் என்று சொல்லவில்லை. ஆனால் சுண்ணாம்புக்கு ஒரு மணித்துளியும் பொறுக்கக்கூடாது. விழுந்த இடத்திலேயே, கிடைத்த நல்ல நீரால், அரைமணி நேரமேனும் இமையை விரித்துக் கழுவிக்கொண்டே இருக்கவேண்டும். மருத்துவமனைக்குப் புறப்படுவது அதன்பின்.

எனவே, நோயாளி சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுதிவைத்தல் மொழிப்பற்று மட்டுமன்று. அது நல்ல மருத்துவமுமாகும். ‘கதிரறுக்கையில் வலக்கண்ணில் சுணை விழுந்தது, நேற்று மாலை’ என்னும் ஒரு தொடரில் இடம், பொருள், வினை, காலம் நான்கும் அடங்கிவிட்டன. அமெரிக்கர் ஏழெழுத்துக் குறியீட்டால் சொல்லியும் சொல்லமுடியாத சுணையும் அதில் இருக்கின்றது.

ஆங்கிலத்தில் எழுதினால்தான் மருத்துவர்க்கு எளிது என்பர் சிலர். பத்தாம் திருத்தம் உலகில் நாற்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டது. பதினொன்றாம் திருத்தத்தைச் சீனர் சீனத்திலும் அரபியர் அரபியிலும் துருக்கியர் துருக்கியிலும் படிக்கின்றனர். செக்கு மொழியிலும் அது உண்டு. செக்கு மொழி பேசுவோர் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 6.9 கோடிப் பேர். அவ்வரிசையில் தமிழ் இல்லை. தடுத்தது யார்? வடவரும் தடுக்கவில்லை, வெள்ளையரும் தடுக்கவில்லை. 1956இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் இயற்றிய நாட்டில், கண்ணுறுப்புகளுக்கு ஒன்றுபட்ட பெயர் வைக்கத் தமிழர் இன்னும் ஒருப்படவில்லை என்பதே உண்மை.

இது கசப்பான செய்தி, ஆயினும் சொல்லியாகவேண்டும். ‘டி 15.0’ குறிக்கும் அந்த ஒளிபுகு படலத்தைத் தமிழில் ஒரு நூல் கருவிழி என்கின்றது. ஒரு நூல் கருவிழிப்படலம் என்கின்றது. ஈழத்து வழக்கில் விழிவெண்படலம் என்கின்றனர். ‘டி 15.1’ குறிக்கும் இமையடிப் படலத்திற்கோ இங்கு வெண்படலம் என்று பெயர், அங்கு இமையிணைப்படலம். ஈழத்தில் படித்தவர் எழுதிய சீட்டைத் தமிழ்நாட்டில் படித்தவர் பார்த்தால், கருவிழியில் தங்கிய உமியை இமைக்குள் தேடுவார்! தனித்தமிழ் அன்பர்களும் இக்குற்றத்திலிருந்து தப்பமுடியாது. ஆளுக்கொரு சொல்லாக்கம் செய்து, தம் சொல்லே தூயது என்று வழக்காடி, முடிவில் மருத்துவர் எதையும் ஆளாமல் ஆங்கிலத்திற்கே திரும்பிப்போக வழிவிட்டனர். நான்கு நல்ல சொற்கள் உள்ள இடத்தில் ஒன்றும் இல்லாதது போன்ற நிலைமை ஏற்பட்டது.

தமிழில் மருத்துவம் எழுத முடியுமா என்னும் பழைய ஐயத்திற்கு இனி இடமில்லை. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தங்கி, 1873 வரையிலும் தமிழ் இளைஞர்க்கு மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். 1864 முதல் தமிழ்வழியிலேயே கற்பித்தார். அறுவை மருத்துவ நூலும் உடற்கூற்று நூலும் அவர் முயற்சியால் தமிழில் அச்சாயின. அவர் ஆண்ட சொற்கள் தூய தமிழல்ல. ‘இரண வைத்தியம்’ என்றும் ‘அங்காதிபாதம்’ என்றும் வடசொல்லையே நாடினார். அந்நாளைப் புலவர் வழக்கு அத்தகையது. ஆயினும் புண்ணைக் கட்டிய கையை, அது கட்டிய துணியின் நிறம் பார்த்துப் பழிப்பதற்கில்லை. தமிழ்வழி மருத்துவர் என ஒரு கூட்டத்தையே அவர் உருவாக்கிக் காட்டினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அயலார் ஒருவர் செய்ததை இன்று பல்கலைக்கழகங்கள் இருந்தும் தமிழர் செய்யத் தயங்குவது ஏன்?

சித்த மருத்துவத்திலும் வகைப்பாட்டு அறிவு உண்டு. கண்ணோய் 96 என்று நாகமுனிவர் பெயரால் வழங்கும் கண்மருத்துவ நூல் வகுத்துரைக்கின்றது. அந்நூலுக்குக் ‘கண்’ என்ற சொல் இருக்க ‘நயனவிதி’ என்று பெயர் வைத்தார்களே என்பது ஒருபுறம் இருக்கட்டும். 2024 சனவரி 10ஆம் நாள் உலக நலவாழ்வு அமைப்பு பதினொன்றாம் திருத்தத்தோடு மரபு மருத்துவத்திற்கான இரண்டாம் பகுதியைப் புதுதில்லியில் வெளியிட்டது. ஆயுர்வேதம், யுனானி இவற்றோடு சித்த மருத்துவத்து நோய்ப்பெயர்களும் அதில் குறியீடு பெற்றன. தமிழ் மருத்துவம் உலகப் பட்டியலில் ஏறியது பெருமைக்குரியதே. ஆயின் அதனோடு மனநிறைவு கொண்டு அமர்ந்துவிடுதல் தவறு. கம்பத்து உழவர் கண்ணில் உமி விழுந்தால் அவரை மருத்துவர் பார்ப்பது பிளவொளிக் கருவியின்கீழ், எழுதுவது பொதுவகைப்பாட்டின்கீழ். மரபு மருத்துவப் பக்கத்தில் தமிழுக்கு ஒரு திண்ணை கொடுத்துவிட்டு, நடுவீட்டை ஆங்கிலத்திற்கு விட்டுவைப்பது என்ன நயன்மை?

மரபின் பெயரால் நிகழும் கேடுகளையும் மறைக்கத் தேவையில்லை. கண்ணில் விழுந்ததை நாக்கால் நக்கி எடுப்பது, முலைப்பால் பீய்ச்சுவது, பச்சிலைச் சாறு பிழிவது, விளக்கெண்ணெய் விடுவது ஆகியவை சிற்றூர்களில் இன்றும் அற்றுப்போகவில்லை. வாயிலுள்ள நோயுயிர்களையும் இலையிலுள்ள பூஞ்சையையும் கீறல்பட்ட கண்ணுக்குள் ஏற்றும் செயல்கள் இவை. இவற்றைத் தமிழர் மரபு என்று போற்றுவது தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது. இவற்றினும் கொடியது, மருந்துக்கடையில் தாமே கேட்டுவாங்கும் இசுட்டீராய்டுச் சொட்டு மருந்து; சிவப்பை உடனே தணித்து, உள்ளே பூஞ்சையை உரமிட்டு வளர்ப்பது அது.

செய்யத்தக்கது எளியதே என்பதற்கு அண்மைக்காலச் சான்றுகள் உள. நேபாளத்தின் பக்தபூர் வட்டாரத்தில் ஊர்ப்பணியாளர்களைக் கொண்டு நடத்தி 2001இல் வெளிவந்த ஆய்வில், கருவிழி உராய்ந்தவர்க்குக் குளோராம்பெனிக்கால் களிம்பு மட்டும் போடப்பட்டது. 18 மணி நேரத்திற்குள் களிம்பு போடப்பட்டவருள் ஒருவருக்கும் புண் தோன்றவில்லை. மதுரை மாவட்டத்துச் சிற்றூர்களில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், இக்களிம்போடு ஒரு பிரிவினர்க்குப் பூஞ்சைக்கான களிம்பும் மறு பிரிவினர்க்கு மருந்தற்ற போலிக் களிம்பும் சேர்த்து மூன்றுநாள் இட்டனர். உராய்வு கண்ட 374 பேருள் 368 பேர் எவ்வகைத் தொல்லையுமின்றி நலம்பெற்றனர்.  இவற்றைச் செய்தவர்கள் பெரிய பட்டம் பெற்றவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற ஊர்ப்பணியாளர்கள்.

தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்கீழ்ப் பெண் தன்னார்வலர்கள் வீடுவீடாகச் சென்று வருகின்றனர். அவர்கள் கையில் ஆங்கில வகைப்பாட்டு நூலைக் கொடுத்தால் பயனில்லை. ஒரே ஒரு தாள் போதும். இடப்புறத்தில் விழுந்த பொருள்: உமி, சுணை, முள், சிம்பு, இலை, மண், கல், இரும்பு, கண்ணாடி, பூச்சி. நடுவில் வினை: விழுந்தது, கீறியது, குத்தியது, தெறித்தது. வலப்புறத்தில் பன்னாட்டு எண். பணியாளர் தமிழில் இரண்டு சொற்களைக் கோடிட்டால் எண் தானே கிடைத்துவிடும். மேலே அனுப்பும் கணக்கில் எண் செல்லட்டும். ஊர் ஏட்டில் சொல் நிற்கட்டும். பதினொன்றாம் திருத்தம் இதற்கு முன்னிலும் இடந்தருகின்றது. முதற்குறியீட்டின் வாலில், காயம் விளைத்த பொருள் எதுவென்று தெரிவிக்கும் கூடுதற் குறியீட்டைச் சேர்க்கும் வழி அதில் வைக்கப்பட்டுள்ளது. எது என்ற கேள்விக்கு முதன்முறையாக ஓர் இடம் கிடைத்திருக்கின்றது. அவ்விடத்தை ‘பிற’ என்னும் ஒற்றைச் சொல்லால் நிரப்புவதா, உமி என்று நிரப்புவதா?

சொற்களை ஒருப்படுத்தும் பணிக்கு நிறுவனம் தேடி அலையவேண்டியதில்லை. பாவாணரை முதல் இயக்குநராகக் கொண்டு 1974இல் தொடங்கப்பட்ட செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலி இயக்ககம் இருக்கின்றது. சொற்குவை என்னும் திட்டத்தின்வழிக் கலைச்சொற்களையும் அது திரட்டிவருகின்றது. அவ்வியக்ககம் மருத்துவப் பல்கலைக்கழகத்துக் கண்மருத்துவர்களையும் ஈழத்து மருத்துவர்களையும் ஒருங்கே அமர்த்தி, முதலில் கண்ணுறுப்புகளுக்கு மட்டும் ஒவ்வொரு பெயரை உறுதிசெய்யலாம். இருபது பெயர்களுக்கு மேல் தேவைப்படா. கருவிழி என்பதே மக்கள் வாயில் வழங்குவது; தானமாகக் கண் கொடுப்போரும் அதனையே சொல்லுகின்றனர். புதிதாய்ப் புனைந்த அருஞ்சொல்லைவிட அதுவே நிலைப்பது நன்று. படலம் என்பதைச் சேர்ப்பதா வேண்டாவா என்று புலவர்கள் ஒருநாள் வழக்காடிக் கொள்ளட்டும். இரண்டாம் நாள் வழக்கை முடித்துவிடவேண்டும்.

பொருட்பெயர்களைத் திரட்டும் வேலைக்கோ புலவர் தேவையில்லை. கம்பத்திலும் கூடலூரிலும் சுருளிப்பட்டியிலும் களத்துமேட்டிலும் பந்தலடியிலும் சென்று, கண்ணில் என்னென்ன விழும் என்று கேட்டால் அரைநாளில் ஏடு நிரம்பிவிடும். நெற்சுணை வேறு, சோளச்சுணை வேறு, கரும்புச்சுணை வேறு என்று அவர்கள் பிரித்துச் சொல்வார்கள். எது விழுந்தால் கண் அன்றே சிவக்கும், எது விழுந்தால் மூன்றாம் நாள் சீழ்வைக்கும் என்பதையும் சொல்வார்கள். அதனை மருத்துவர் ஆய்ந்து சரிபார்க்கலாம். தை அறுவடை முடிந்து, அடுத்த சூன் திங்களில் அணை திறந்து முதற்போகத்திற்கு நாற்று விடும் முன்னர் இப்பணியை முடிக்கவும் இயலும்.